போன் வந்தால் கதை நிற்கிறது, வாட்ஸ்அப் கால் வந்தால் நிற்பதில்லை: ஆண்ட்ராய்டு ஆடியோ ஆப்

கதைசொல்லி_ஆப்:
ஆண்ட்ராய்டில் ஒலிக்கதை ஆப் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒலியை இயக்கும் மீடியாபிளேயரை என் சொந்த சர்வீஸில் (திரை இல்லாமல் பின்னால் ஓடும் பகுதி) வைத்து ஓட்டுகிறேன், அழைப்பு நிலையைச் சொல்லும் டெலிபோனிமேனேஜர் மூலம் போன் நிலையைக் கேட்டு, மணி அடித்தால் பாஸ், அழைப்பு முடிந்தால் பிளே. சாதாரண அழைப்புக்குச் சரியாக இருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் கதை தன் பாட்டுக்கு ஓடுகிறது, பேச்சும் கதையும் ஒன்றாகக் கேட்கிறது. இன்னொன்று, பயனர் தானே பாஸ் செய்து வைத்திருந்தாலும், போன் பேசி வைத்ததும் கதை தானாகத் தொடங்கிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

நொய்யல்கரை:
டெலிபோனியை மொத்தமாக எடுத்துவிடுங்கள் நண்பரே. அது சிம் வழியாக வரும் அழைப்பைத்தான் சொல்லும், இணைய அழைப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. போதாததற்கு ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த நிலையைக் கேட்கவே போன் அனுமதி வேண்டும். கதை கேட்கும் ஆப் எதற்கு என் போன் விவரத்தைக் கேட்கிறது என்று எந்தப் பயனரும் யோசிப்பார், அது நியாயம்தான்.

ஆடியோ ஃபோகஸ்தான் இதற்கான வழி, அதாவது இப்போது ஒலி எழுப்பும் முறை எந்த ஆப்புக்கு என்று ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஏற்பாடு. பிளே செய்யும் முன் ஃபோகஸ் கேளுங்கள், ஆண்ட்ராய்டு 8 முதல் அதற்கு ஆடியோஃபோகஸ்ரிக்வெஸ்ட் என்ற கிளாஸ் இருக்கிறது. அழைப்பு எந்த வழியாக வந்தாலும் "லாஸ் டிரான்சியன்ட்" (ஃபோகஸ் தற்காலிகமாகப் போனது) வரும், பாஸ் செய்யுங்கள், "கெய்ன்" (ஃபோகஸ் திரும்பியது) வந்ததும் தொடருங்கள். வெறும் "லாஸ்" வந்தால் வேறு பிளேயர் இடத்தை எடுத்துக்கொண்டது என்று பொருள், அப்போது தானாகத் தொடரவே கூடாது. பலர் இடறும் இடம் ஒன்று: பாஸ் செய்யும் அதே ஃபங்ஷனில் ஃபோகஸைக் கைவிடும் வரியும் இருக்கும், அழைப்புக்காக நிறுத்தும்போதும் அது ஓடிவிடும், அப்புறம் "கெய்ன்" வரவே வராது.

இரண்டாவது பிரச்சினைக்கு, பாஸ் செய்தது பயனரா ஃபோகஸா என்பதைத் தனி பூலியனில் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைக்கும் மாறி) வையுங்கள். ஃபோகஸ் போன நேரத்தில் கதை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது ட்ரூ. அழைப்பின் நடுவே நோட்டிஃபிகேஷனில் பயனர் பாஸ் அழுத்தினால் ஃபால்ஸ்.

மழைத்துளி:
முடிந்தால் கூகுளின் மீடியா3 நூலகத்தில் உள்ள எக்ஸோபிளேயர் என்ற பிளேயருக்கு மாறுங்கள். ஆடியோ அட்ரிபியூட்ஸ் (என்ன வகை ஒலி என்ற விவரம்) கொடுக்கும்போது இரண்டாவது அளவுருவை ட்ரூ என்று வைத்தால் மேலே சொன்னதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளடக்க வகையைப் பேச்சு என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். இசை என்று விட்டால், மேப் ஆப் "இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும் நேரத்தில் கதையின் ஒலி குறைந்து பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டுக்கு அது போதும், கதையில் ஒரு வாக்கியமே போய்விடும். பேச்சு என்றால் குறைக்காமல் நிறுத்திவிடும். தொடரும்போது சில வினாடிகள் பின்னால் போய்த் தொடங்குவதும் நல்லது, பேசி முடித்தவருக்குக் கதை எங்கே விட்டது என்று பிடிபட வேண்டுமே.

ஐபோனுக்கும் செய்யப்போகிறீர்கள் என்றால்: அங்கே அழைப்பு போன்ற குறுக்கீடு தொடங்கும்போதும் முடியும்போதும் ஆப்புக்கு இன்டரப்ஷன் நோட்டிஃபிகேஷன் என்ற செய்தி வரும். முடிந்தது என்ற செய்தியில் "ஷுட் ரெஸ்யூம்" (தொடரலாம்) என்ற குறிப்பு இருந்தால் மட்டும் தொடருங்கள். தொடக்கச் செய்தி வந்தால் முடிவுச் செய்தியும் கட்டாயம் வரும் என்று நம்பி எழுதாதீர்கள்.

கதைசொல்லி_ஆப்:
ஃபோகஸுக்கு மாற்றிவிட்டேன், வாட்ஸ்அப் அழைப்புக்கும் நிற்கிறது, மிக்க நன்றி. போன் அனுமதியும் போயே போய்விட்டது. ஆனால் ஆண்ட்ராய்டு 13 போனில், திரை வேறு ஆப்பில் இருக்கும்போது, அழைப்பு முடிந்து தொடரும் இடத்தில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டு ஓடும் சர்வீஸ்) தொடங்க அனுமதியில்லை என்று கிராஷ் ஆகிறது.

நொய்யல்கரை:
பாஸ் ஆகும்போதெல்லாம் சர்வீஸை அந்த நிலையிலிருந்து விலக்கும் ஸ்டாப்ஃபோர்கிரவுண்ட் ஃபங்ஷனை அழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து பின்னணியில் இருக்கும் ஆப் மறுபடி ஃபோர்கிரவுண்டுக்கு வருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பயனரே பாஸ் செய்தால் அழையுங்கள், ஃபோகஸ் தற்காலிகமாகப் போனால் அழைக்காதீர்கள், முன்பு சொன்ன பூலியனே இங்கும் உதவும். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போன்) போன் பகுதியிலிருந்து பொய் அழைப்பு கொடுத்துச் சோதிக்கலாம், வாட்ஸ்அப்புக்கு மட்டும் நிஜ போன்தான் வேண்டும்.