கூட்டத்துக்கு வராத பெற்றோருக்கு அக்கறை இல்லையா?

கரும்பலகை:
பதினொரு வருடமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களேதான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். யாரோடு பேச வேண்டுமோ அவர்கள் வருவதில்லை. கேட்டால் வேலை, நேரமில்லை. மனமிருந்தால் ஒரு மணி நேரம் கிடைக்காதா?

இரவுப்பணி:
கிடைக்காது டீச்சர். காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் பலருக்கு அன்றைய கூலி போய்விடும். சரி, நேரத்தை விடுங்கள். மகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தர உட்கார்ந்தேன். பத்துகள் இடத்து இலக்கத்தை அடித்து, மேலே ஒன்று குறைத்துச் சின்னதாக எழுதினேன். “டீச்சர் இப்படிப் போட மாட்டாங்கப்பா” என்று ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். அப்புறம் ஒரு மாதம் அவள் நோட்டை நான் தொடவில்லை. தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம்தான்.

மழைத்துளி:
ஹூவர்-டெம்ப்சி, சாண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களில் எழுதியது இதைத்தான். இது என் பொறுப்பு என்ற எண்ணம், என்னால் உதவ முடியும் என்ற நம்பிக்கை, பள்ளியும் பிள்ளையும் நம்மை அழைக்கிறார்களா என்பது: பெற்றோர் ஈடுபடுவதை முக்கியமாக இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன என்றார்கள்.

கரும்பலகை:
அழைக்காமலா இருக்கிறோம்? மாதாமாதம் சுற்றறிக்கை போகிறது. முதலில் சொன்ன பொறுப்பை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? “படிப்பு உங்க வேலை” என்று முகத்துக்கு நேரே சொன்ன பெற்றோர் உண்டு.

இரவுப்பணி:
சுற்றறிக்கை எல்லோருக்கும் போவது. என்னைத் தனியாகக் கூப்பிட்டது ஒரே முறை, மகள் இன்னொரு பிள்ளையை அடித்ததற்கு. நான் படித்த காலத்தில் நின்றது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போதும் பள்ளியிலிருந்து போன் வந்தால் அடிவயிறு கலங்குகிறது.

மழைத்துளி:
கூட்டத்துக்கு வருவதை அளவுகோலாக வைப்பதே சரியில்லை. 2003-ல் இங்கிலாந்துக் கல்வித் துறைக்காக டெஸ்ஃபோர்ஜஸும் அபூஷாரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வீட்டில் பிள்ளையோடு பேசுவதும் படிப்பை மதிப்பதும்தான் பலன் தருகின்றன. தொடக்கப் பள்ளி வயதில் அதன் தாக்கம் பள்ளிக்குப் பள்ளி உள்ள தர வித்தியாசத்தைவிடப் பெரியது. பெற்றோர் பள்ளிக்கு வந்து போவதால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

கரும்பலகை:
பொறுப்பு விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. வீட்டில் பேசவும் அந்த எண்ணம் வேண்டுமே. ஆனால் அந்த ரப்பர் விஷயம் மனதை உறுத்துகிறது. நாங்கள் கழித்தல் சொல்லித்தரும் முறையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பினால் பெற்றோர் பார்ப்பார்களா?

இரவுப்பணி:
நான் பார்ப்பேன். கூடவே அன்று பிள்ளை எதைச் சரியாகப் போட்டது என்றும் ஒரு வரி எழுதுங்கள் டீச்சர்.