ஆரல்வாய்மொழி பக்கம் 110 கேவி லைன்: இளங்காற்றில் ரீங்காரம் ஏன்?

தோவாளை லைன்: ஆடிக்காத்துல கம்பி ஊஞ்சல் ஆடுது, சத்தமில்ல. விடியக்காலை இளங்காத்துலதான் ரீங்காரம். பாந்தர் கம்பி (எஃகு நடுவுல, சுத்தி அலுமினிய இழை). எது ஆபத்து? டாம்பர் (அதிர்வை அடக்குற கருவி) எங்க மாட்டணும்?

கம்பிக்காரன்: இளங்காத்துதான் அண்ணே. நொடிக்கு 1 முதல் 7 மீட்டர் வரை சீரா வீசினா, கம்பிக்குப் பின்னால மேலும் கீழும் மாறி மாறிச் சுழல் கழலும். அதிர்வெண் = 0.185 × வேகம் ÷ விட்டம். பாந்தர் 21 மி.மீ., 5 மீட்டர் காத்து: 44 ஹெர்ட்ஸ். வீச்சு, அதாவது கம்பி ஆடுற அளவு, கம்பி விட்டத்தைத் தாண்டாது. ஆனா சஸ்பென்ஷன் கிளாம்ப் (டவர்ல கம்பியைத் தாங்குற பிடி) வாயில வளைஞ்சு நிமிர்ந்தே அலுமினிய இழை அறும், அதுவும் கிளாம்புக்கு உள்ளே. கீழ நின்னு பார்த்தா தெரியாது. கணவாய்ப் பெருங்காத்து கொந்தளிப்பா வரும். சுழல் ஒழுங்கா அமையாது.

டவர் ஏணி: ஸ்டாக்பிரிட்ஜ் டாம்பரை (சின்னக் கம்பியோட ரெண்டு முனையிலும் எடை உள்ளது) ஸ்பான், அதாவது ரெண்டு டவருக்கு இடையில உள்ள கம்பி, நடுவுல மாட்டாதீங்க, கிளாம்ப் பக்கத்துல, தயாரிப்பாளர் சார்ட்டுல உள்ள தூரத்துல. முறிவு விசையில 20% இழுவைன்னா 44 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 1.5 மீட்டருக்கு ஒரு கணு (கம்பி ஆடாத புள்ளி). அதுலயே உட்கார்ந்தா டாம்பர் வெறும் பாரம். தொய்வு குறையட்டும்னு கூடுதலா இழுத்துக் கட்டினா கம்பி தானே அதிர்வை அடக்குற சொந்தத் தணிப்பும் குறைஞ்சிரும்.

கொளச்சல் கரை: கடலோர லைன்ல டாம்பர் எடை கீழ சரிஞ்சு தொங்குதான்னு பைனாகுலர்ல பாருங்க. உப்புக்காத்து டாம்பர் எடைகளைத் தாங்குற நடுக்கம்பியைத் தின்னிருந்தா மாத்தணும். போல்ட் தளர்ந்து டாம்பர் நகர்ந்திருந்தா ஷட்டவுன்ல, எர்த் போட்டுட்டு சரிபண்ணுங்க, ஆர்மர் ராடையும் (கிளாம்ப் இடத்துல கம்பியைச் சுத்தியிருக்கிற காப்புக் கம்பி) பாருங்க.