ஆஸ்பத்திரியில் படுத்தால் போலீசுக்குத் தகவல் போகுமா? புதிய குடிவரவுச் சட்டமும் மண்டபம் முகாமும்

மண்டபத்தான் (கேள்வி):

2025-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தைப் பற்றி இந்தப் பக்கம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலே பேர் போலீசுக்குப் போய்விடும், பிடித்து அனுப்பிவிடுவார்கள்" என்பதுதான் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு. இதை நம்பி, மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமுக்கு வெளியே இருக்கும் சில கர்ப்பிணிகள் நர்சம்மாவிடம் பதிவே செய்யாமல் இருக்கிறார்கள். சட்டத்தில் உண்மையில் என்னதான் இருக்கிறது? 1990-ல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் 2022-ல் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கியவர்களுக்கும் நிலைமை ஒன்றுதானா? தாய் முகாம், தகப்பன் உள்ளூர் என்றால் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை? வாட்ஸப் பார்வர்டு வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டல்:

முதலில் சட்டம். மக்களவையில் 2025 மார்ச் 11-ல் அறிமுகமாகி, மார்ச் 27-ல் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஏப்ரல் 2. அன்றைக்கு மக்களவையில் வக்பு மசோதா விவாதம் விடிய விடிய ஓடியதால் இதை யாரும் கவனிக்கவில்லை. ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், செப்டம்பர் 1 முதல் நடைமுறை. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இந்த ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் ஆஸ்பத்திரி விஷயம் 10-வது பிரிவு. எட்டாவது தங்கும் விடுதிகளுக்கு, ஒன்பதாவது கல்வி நிறுவனங்களுக்கு, பத்தாவது மருத்துவமனைகளுக்கு. வெளிநாட்டவர் உள்நோயாளியாகச் சேர்ந்தால் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்கு மருத்துவமனை தகவல் தரவேண்டும் என்கிறது. அவ்வளவுதான். சிகிச்சை கொடுக்காதே என்று ஒரு வரி கூட இல்லை. கொடுக்கக் கூடாது என்று எழுதவும் முடியாது. அரசமைப்பின் 21-வது பிரிவு "எந்த நபருக்கும்" என்றுதான் பேசுகிறது, "குடிமகனுக்கு" என்று அல்ல. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தோடு சி படிவம் அனுப்புவது அவர்களுக்குப் பழைய பழக்கம். அந்த மாதிரிக் கடமையை ஆஸ்பத்திரி வார்டுக்கும் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

மசோதாவை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. நடக்கவில்லை. உள்துறை அமைச்சர் அமித் ஷா பதிலுரையில் நாடு தர்ம சத்திரம் அல்ல என்றார். மே மாதம் உச்ச நீதிமன்றத்திலும் அதே சொல் ஒலித்தது, அதுவும் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில். தெருவுக்குத் தெரு சத்திரம் உள்ள தீவின் ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

என் கணிப்பு: முகாமில் பதிவாகி இருப்பவரைப் பற்றி ஆஸ்பத்திரி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருவாய்த் துறையிடமும் போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவிடமும் அவர் பேர் பல வருடமாக இருக்கிறது.

உப்பளம்:

முகாமில் இருக்கும் எல்லோருக்கும் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. பயப்படவே தேவையில்லை.

கொண்டல்:

உப்பளம், பாதிதான் சரி. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணையில் இரண்டு நிபந்தனை: பதிவு செய்த இலங்கைத் தமிழராக இருக்க வேண்டும், 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்திருக்க வேண்டும். ஆவணமில்லாமல் வந்ததற்கான தண்டனை (5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்) இவர்கள் மேல் பாயாது. 2022 மார்ச்சிலிருந்து, பொருளாதார நெருக்கடியில் மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களை மண்டபத்தில் வைத்தார்கள், சரி. ஆனால் அவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பேசினால் பின்னால் வந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று. இந்த விலக்கு தண்டனையிலிருந்து மட்டும்தான். குடியுரிமை கிடைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே போல, இந்தியப் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் மூலம் பொய் விவரம் கொடுத்து எடுத்தவர்களுக்கு இந்த விலக்கு உதவாது. போலி ஆவணத்துக்கு 2 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம்.

சோழகம்:

சட்டத்தை விட்டுவிட்டு வார்டு வாசலுக்கு வருகிறேன். பயத்தில் பதிவைத் தள்ளிப்போட்டால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

கர்ப்பம் உறுதியான உடனே, 12 வாரத்துக்குள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும். 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய் சேய் நலப் பதிவு எண்) கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆதார் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் முகாம் அடையாள அட்டை நகலைக் கொடுத்து, ஆதார் இல்லை என்றே எழுதச் சொல்லுங்கள். 2023-ல் திருத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே பெற்றோர் ஆதார் "இருந்தால்" என்றுதான் சொல்கிறது.

அதிகம் கெடுவது பேர் விஷயத்தில். இலங்கைப் பிறப்புச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், முகாம் அட்டையில் வேறு, ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு. அங்கே தகப்பன் பேர் முழுதாக முன்னால் வரும், இங்கே வெறும் இனிஷியல். சேர்க்கும்போது அவசரத்தில் வாயால் சொல்லாமல் முகாம் அட்டையை நீட்டி, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு மண்டபத்தில் போய் நிற்காதீர்கள். 108 வண்டியிலேயே பிறந்துவிட்டால் வண்டி முதலில் நிற்கும் இடம் பிறந்த இடம். 21 நாளுக்குள் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு, அதாவது அலைச்சல். பிள்ளைக்குப் பேர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். பேரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

முகாம்காரர்களுக்கு ஒன்று: முகாமில் ஆள் தணிக்கை செய்யும் நாளில் இல்லாவிட்டால் அரசு தரும் மாதப் பணக்கொடை நிற்கலாம். ஆஸ்பத்திரியில் சேரும் அன்றே முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கொடுங்கள். 2021-ல் உயர்த்திய தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழ் 500. அதுவும் ஒரு மாதம் நின்றால் கஷ்டம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் குடும்பங்களுக்கு வருமான வரம்பு கிடையாது, அந்த அட்டையையும் எடுத்து வையுங்கள்.

ஓலைக்குடா:

குடியுரிமைக் கேள்விக்கு வருகிறேன். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவில் மூன்று காலம்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை என்றால் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதன் பிறகு ஒருவர் இந்தியர், மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனை எப்படி வெட்டுகிறது என்று பாருங்கள். தகப்பன் தங்கச்சிமடத்துக்காரர், தாய் 1990-ல் படகில் வந்தவர். மூத்தவள் 2003-ல் பிறந்தாள்: இந்தியக் குடிமகள். இளையவன் 2006-ல் பிறந்தான்: தாய் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் என்பதால் பிறப்பால் குடிமகன் அல்ல. ஒரே வீடு, ஒரே தட்டு. 2019 குடியுரிமைத் திருத்தம் "சட்டவிரோதக் குடியேறி" என்ற பேரை நீக்கியது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிலருக்கு மட்டும்தான். இலங்கையை ஏன் விட்டீர்கள் என்று மாநிலங்களவையில் ப. சிதம்பரம் கேட்டார். மசோதா 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரவு ஓட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன அ.தி.மு.க. உறுப்பினர்களும் உண்டு. இதை இந்தக் கரையில் மறந்துவிட வேண்டாம்.

தாய் தகப்பன் இருவருமே இலங்கையர் என்றால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்துக்குள். அங்கேயும் முதலில் கேட்பது சோழகம் சொன்ன அந்தப் பிறப்புச் சான்றைத்தான். அது இல்லாவிட்டால் பிள்ளை இரண்டு நாட்டுக் கணக்கிலும் இல்லை.

எம்.பி.யிடம் மனு கொடுப்பவர்கள் "எங்களுக்குக் குடியுரிமை தாருங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். 2025 சட்டத்தின் 10-வது பிரிவில் போகும் தகவலை மருத்துவமனைகள் எந்த அதிகாரிக்குத் தருகின்றன, 2015-க்குப் பின் வந்தவர்களின் நிலை என்ன என்று கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். மக்களவையில் நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்வது) ஒரு நாளைக்கு 20 மட்டும், குலுக்கலில் விழ வேண்டும். நட்சத்திரமில்லாதது 230, எழுத்து மூலம் பதில் வரும். நோட்டீஸ் 15 முழு நாள் முன்பே போக வேண்டும். எழுத்துப் பதில் கையில் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் பேச வசதி.

மண்டபத்தான்:

நன்றி. ஒரு சிக்கல். ஒருவர் பயத்தில் நாத்தனாரின் ஆதாரைக் கொடுத்து, அந்தப் பேரிலேயே பதிந்துவிட்டார். இப்போது ஏழாம் மாதம்.

சோழகம்:

இந்த வாரமே மாற்ற வேண்டும். இப்படியே போனால் சான்றிதழில் தாய் இடத்தில் நாத்தனார் பேர் ஏறும். எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, தாயையே மாற்றுவது வேறு. பின்னது லேசில் நடக்காது. அடுத்தவர் அடையாளத்தைப் பயன்படுத்திய குற்றமும் சேரும், நாத்தனாருக்கும் வம்பு. தாய் சேய் நல அட்டை, முகாம் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரிடமே நேராகப் போகச் சொல்லுங்கள். தவறான பேரில் பதிவு என்று எழுதிக் கொடுத்து, சொந்தப் பேரில் புது எண் கேட்க வேண்டும். ரத்த வகை, தடுப்பூசி விவரமெல்லாம் பழைய எண்ணில் இருக்கும், அவற்றைப் புதிய அட்டையில் ஏற்றிவிட்டார்களா என்று பாருங்கள். நாத்தனாரின் ரத்த வகை எழுதியிருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள்.