புதுப்பிப்பு: டேப் எக்ஸ்டென்ஷனில் பிடரிப் பக்கம் விழுந்த சிக்கு சரியாகிவிட்டது

மனித முடியில் செய்த டேப் எக்ஸ்டென்ஷன் (சொந்த முடியோடு பசை டேப்பால் ஒட்டும் கூடுதல் முடி) போட்டிருக்கிறேன், பிடரிப் பக்கம் மட்டும் தினமும் சிக்கு விழுகிறது, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கை கொடுத்தது, "ஈரத்தோடு படுக்காதீங்க, தளர்வா பின்னிட்டு தூங்குங்க" என்ற யோசனை. நான் இரவில் தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். இப்போது காலையில்தான் குளியல். இரவு, காய்ந்த முடியைப் பின்னிக்கொண்டு படுக்கிறேன். மூன்றாம் நாளே சீப்பு தடையில்லாமல் இறங்கியது. நுனியில் ஆரம்பித்து மெல்ல மேலே சீவ வேண்டும். டேப் ஒட்டிய இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. முடி வறண்டிருக்கிறதே என்று தலை முழுக்க எண்ணெய் வைத்தேன். இரண்டு டேப்புகள் வழுக்கி இறங்கிவிட்டன. டேப்பில் இருக்கும் பசையை எண்ணெய் இளக்கிவிடும். ஒட்டிய முடிக்குத் தலைத்தோலின் எண்ணெய்ப்பசை சரியாகப் போய்ச் சேராது, அதனால் வறட்சி வரத்தான் செய்யும். ஆனாலும் எண்ணெயோ கண்டிஷனரோ, டேப்பிலிருந்து நாலு விரல் தள்ளியே தடவுங்கள்.

அடுத்த முறை ரெமி முடிதான் வாங்குவேன். அதில் முடியின் செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருப்பதால் ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொள்வது குறைவு.