அம்மாச்சி வீடு (குடும்பக் குழு)

அம்மா: திவ்யா நிச்சயத்துக்கு பார்லர்ல பேக்கேஜ் 18,000 சொல்றாங்க. ஃபேஷியல், ஹேர் ஸ்பா, பெடிக்யூர், பாடி பாலிஷ், நிச்சயத்தன்னைக்கு மேக்கப். மேக்கப் மட்டும்னா 8,000. மிச்சத்த வீட்லயே பண்ணிரலாமான்னு பாக்குறேன்

முருகேசன் மாமா: 18000ஆ

முருகேசன் மாமா: வேன் வாடகையே அம்புட்டு வராதே

கீதா அத்தை: மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் சென்னை. யோசிச்சுக்க வள்ளி

அம்மா: சென்னைன்னா என்ன மதினி

கார்த்தி: எனக்கும் ஒரு ஃபேஷியல்

திவ்யா: நீ முதல்ல குளி

சரசு பெரியம்மா: வள்ளி நல்ல யோசனை. விவரமா எழுதுறேன், எல்லாரும் பொறுமையா படிங்க. நலங்கு மாவ கடையில வாங்காத, நாமளே அரைக்கணும். பாசிப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி எல்லாம் 50 கிராம், வெட்டிவேர், ஆவாரம்பூ, காஞ்ச ரோஜா இதழ் ஒவ்வொரு கைப்பிடி. மொறுமொறுன்னு காய வச்சு மில்லுல குடு. மிளகாய் அரைச்ச கையோட நம்ம மாவப் போட்டுருவான், முன்னாடி ஒரு படி அரிசிய ஓட்டச் சொல்லு. கஸ்தூரி மஞ்சள்னு கேட்டா பளீர்னு மஞ்சளா ஒண்ணு குடுப்பாங்க, அது அது இல்ல. நெசமானத உடைச்சா உள்ள வெளிறி இருக்கும், கற்பூர வாசம் அடிக்கும், தோல்ல மஞ்சளா ஒட்டாது. திவ்யா தயிர்ல கொழச்சுப் பூசிக்கிட்டு அரை மணி நேரம் மாடியில வெயில்ல நில்லு. எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பிழிஞ்சுக்க, பளிச்னு ஆகும்

முருகேசன் மாமா: 👍

கார்த்தி: ரீட் மோர் அமுக்கி கை வலிக்குது

நித்யா அக்கா: அம்மா எலுமிச்சையும் வேணாம் வெயிலும் வேணாம்

நித்யா அக்கா: கார்போகரிசியும் எடுத்துரு

சரசு பெரியம்மா: ஏண்டி

நித்யா அக்கா: அதுல சோராலென்னு ஒரு ரசாயனம் இருக்கு. வெண்புள்ளிக்கு அதக் குடுத்து வெயில்ல நிக்கச் சொல்றதே தோல் கருக்கணும்னுதான். எலுமிச்சைலயும் அதே ஜாதி சரக்கு உண்டு. பூசிட்டு வெயில்ல நின்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுக் கொப்பளிக்கும். அப்புறம் மாசக்கணக்குல கருப்பு நிக்கும்

திவ்யா: அய்யோ

சரசு பெரியம்மா: உனக்கு நான் இதப் போட்டுத்தான் வளத்தேன்

நித்யா அக்கா: அதான் சொல்றேன்

கார்த்தி: 😂😂😂

சரசு பெரியம்மா: ரெண்டு வருசம் மெடிக்கல் கடையில நின்னா எல்லாம் தெரிஞ்சுருமா

நித்யா அக்கா: பி.ஃபார்ம் 4 வருசம்மா

கீதா அத்தை: என் ஃப்ரெண்டு துபாய்ல இருந்து ஒரு க்ரீம் கொண்டாந்தா. ஒரே வாரத்துல கலர் மாறுது. திவ்யாவுக்குக் குடுத்து விடவா

நித்யா அக்கா: அத்தை டப்பால என்னென்ன சேத்துருக்காங்கன்னு எழுதிருக்கா

கீதா அத்தை: அரபில இருக்கு

நித்யா அக்கா: தொடாதீங்க. 2023ல மலப்புறம் கோட்டக்கல் பக்கம் இப்படித்தான் ஊர் பேர் தெரியாத வெள்ளையாக்குற க்ரீம் போட்டவங்களுக்கு யூரின்ல புரோட்டீன் போய் கிட்னி கெட்டுச்சு. பாதரசம்

கீதா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: அத்தை என்ன அது

முருகேசன் மாமா: அது உங்க அத்தை ஒரு மாசமாப் போடுறா

கீதா அத்தை: உங்ககிட்ட யாரும் கேக்கல

அம்மா: மதினி அத நிப்பாட்டுங்க, ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துருங்க

நித்யா அக்கா: ஆமா அத்தை நாளைக்கே

முருகேசன் மாமா: வேன் 12 சீட்டா 17 சீட்டா

திவ்யா: அக்கா அப்போ நான் என்னதான் பண்றது

நித்யா அக்கா: மூஞ்சிய அதிகம் நோண்டாத. கார்போகரிசி இல்லாத நலங்கு மாவு ஓகே, ஆனா முதல்ல காதுக்குப் பின்னாடி தடவி ரெண்டு நாள் பாரு. முல்தானி மெட்டி போட்டா வெடிக்குற வரைக்கும் விடாத, ஈரமா இருக்கும்போதே கழுவிரு. விசேஷத்துக்கு முந்தின ஒரு வாரம் புதுசா எதுவுமே கிடையாது

நித்யா அக்கா: பாடி பாலிஷ்னு அவங்க பண்றதத் தேங்காண்ணெய்ல சீனி போட்டு நீயே பண்ணிக்கலாம். கை கால் முதுகு மட்டும். மூஞ்சில தேச்சா கீறும்

அம்மா: காலுக்கு என்ன பண்ண

நித்யா அக்கா: வெதுவெதுப்பான தண்ணில 15 நிமிசம் ஊற வச்சு பீர்க்கங்கூட்ட வச்சுத் தேய்ங்க சித்தி. பிளேடு எடுக்காதீங்க

சரசு பெரியம்மா: தலைக்கு நான் சொல்றேன், இதுல யாரும் குறுக்க வராதீங்க. வெந்தயத்த ராத்திரியே ஊற வச்சு காலைல செம்பருத்தி இலையோட அரைச்சுத் தலைல அப்பு. வெந்நில நனைச்ச துண்டப் பிழிஞ்சு சுத்திக்க, ஆறுனா மாத்து. ஸ்பால ஆவி மெசின் வச்சு வாங்குறது இதுக்குத்தான். அலசுறப்ப வெந்தயம் போகாது, நிறையத் தண்ணி ஊத்தணும். சந்தனம் நான் இழைச்சுத் தர்றேன். கீதா, எங்கம்மா சந்தனக்கல் உங்க வீட்டுப் பரண்லதான இருக்கு

கீதா அத்தை: எங்க வீட்ல ஏது மதினி. நித்யா கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க

சரசு பெரியம்மா: திருப்பிக் குடுத்துட்டேன்

கீதா அத்தை: யார்கிட்ட

அம்மா: இப்ப எதுக்கு அது

சரசு பெரியம்மா: கேட்டா தப்பா

முருகேசன் மாமா: குரல் செய்தி 2:14

கார்த்தி: மாமா எழுதுங்க

முருகேசன் மாமா: கல்லு எங்கம்மாகிட்டயே இருக்காம். பூஜை ரூம்ல. இப்பதான் கேட்டேன்

சரசு பெரியம்மா: அப்படியா

கீதா அத்தை: 🙏

திவ்யா: ஐப்ரோ த்ரெட்டிங்

அம்மா: அது பார்லர்லதான். நாலு நாள் முன்னாடி போயிருவோம்

நித்யா அக்கா: மேக்கப் ட்ரையலும் கேட்டுக்கங்க சித்தி

அம்மா: ட்ரையலுக்குத் தனியா 2,000 ஆம்

கீதா அத்தை: அதுக்கு அந்த பேக்கேஜே போட்டுரலாம்

அம்மா: மதினி

சரசு பெரியம்மா: கஸ்தூரி மஞ்சள் யாரு வாங்குறா. கீழமாசி வீதி பக்கம் யாராவது போறீங்களா

கார்த்தி: நான் போறேன் ஆனா உடைச்சு மோந்து பாக்க மாட்டேன்

சரசு பெரியம்மா: உடைச்சுப் பாக்காம வாங்குனா வீட்டுக்குள்ள வராத

முருகேசன் மாமா: வேன்காரன் லைன்ல இருக்கான். 12ஆ 17ஆ