நான்கு வாரத் தங்கும் யோகப் பயிற்சி: 10 வாரத்தில் எப்படித் தயாராவது?

பாய்விரி (கேள்வி)

வணக்கம். 200 மணி நேரம், 4 வாரம், அங்கேயே தங்கிப் படிக்கும் யோக வகுப்பில் சேரப்போகிறேன். ஆசிரியராகும் எண்ணம் இல்லை. சொந்தப் பயிற்சி ஆழமாகவேண்டும், அவ்வளவுதான். இப்போது வாரம் 5 நாள், நாளுக்கு 45 நிமிட ஆசனம். பிராணாயாமம் அவ்வப்போது மட்டும். வகுப்புக்கு 10 வாரம் இருக்கிறது. எதை, எந்த அளவில் கூட்டவேண்டும்? இன்னொன்று: பச்சிமோத்தானாசனத்தில் (கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) குனியும்போது இடது புட்டத்துக்கு அடியில், தரையில் படும் எலும்பை ஒட்டி ஒரே புள்ளியில் வலிக்கிறது. காலையில் அதிகம். நீட்டி நீட்டிச் சரிசெய்யலாமா? வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுமூச்சு

முதலில் வலி. நீட்டவே நீட்டாதீர்கள். பின்தொடைத் தசையின் தசைநாண் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அந்தப் பிடிப்பு எரிச்சலடைந்திருப்பதற்குப் பொருந்துகின்றன. முழுக்கக் குனியும்போது தசைநாண் இழுபடுவதோடு எலும்பின்மேல் அழுத்தவும் படுகிறது. அதனால் நீட்டல் அப்போதைக்கு இதமாகத் தோன்றும், மறுநாள் காலையில் வலி கூடும். தசையின் நடுவில் பரவலாக வரும் இழுப்பு வேறு, எலும்பை ஒட்டி ஊசி முனைபோல வரும் வலி வேறு. முதலாவதோடு பயிற்சி செய்யலாம், இரண்டாவதோடு கூடாது.

செய்யவேண்டியது: எல்லா முன்வளைவுகளிலும் முழங்காலை நன்றாக மடக்கி, வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்குவது): 30 முதல் 45 வினாடி பிடித்து 5 முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூன்று வாரம் கழித்துப் பாதங்களை உடலிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி வையுங்கள், சுமை கூடும். அதன்பிறகு ஒற்றைக்கால். அடுத்த நாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். தசைநாண் தேற மூன்று மாதம்கூட ஆகும், ஆகவே இன்றே தொடங்குங்கள். வலி காலுக்குக் கீழே ஓடினாலோ மரத்துப்போனாலோ இது வேறு சிக்கல், இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது அளவு. இப்போது உங்கள் பயிற்சி வாரத்துக்கு 225 நிமிடம். இப்படிப்பட்ட வகுப்பில் ஆசனம் மட்டும் நாளுக்கு 3 மணி நேரம், 6 நாள் என்று வைத்தால் 1080 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மடங்கு. காயங்கள் கடினமான ஆசனத்தால் வருவதைவிட இந்தத் திடீர்த் தாவலால்தான் அதிகம் வருகின்றன. வாரத்துக்கு 35 நிமிடம்போலக் கூட்டிக்கொண்டு போங்கள். நான்காவது, எட்டாவது வாரங்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கூட்டும் நேரத்தைக் காலைப் பயிற்சியில் திணிக்காமல் மாலையில் தனியாக வையுங்கள். வகுப்பிலும் நாளுக்கு இருவேளைதான் வரும், உடல் அந்தத் தாளத்துக்கு இப்போதே பழகட்டும். மாலையில் கடினமானவை வேண்டாம், படுத்துச் செய்பவையும் தாங்கு வைத்துச் செய்பவையும் போதும்.

சதுரங்க தண்டாசனத்தை (முழங்கையை மடக்கி உடலைத் தரைக்குச் சற்று மேலே நேராகத் தாங்குவது) எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அஷ்டாங்க வின்யாச முறையின் சூரிய நமஸ்காரத்தில் முதல் வகைக்கு ஒன்று, இரண்டாம் வகைக்கு மூன்று. இரண்டையும் ஐந்தைந்து முறை செய்தால் 20 ஆகிவிடும். அமர்ந்த ஆசனங்களுக்கு இடையில் வருவது தனிக்கணக்கு. களைப்பில் தோள் முழங்கைக்கும் கீழே இறங்கும், தோளின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். முழங்கை 90 டிகிரிக்கு மடங்கும் முன்பே நின்றுவிடப் பழகுங்கள். வடிவம் குலைந்த அந்த நொடியே முழங்காலைத் தரையில் வையுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கால்மடக்கி

வகுப்பைத் தேர்வது பற்றி. யோகா அலையன்ஸ் யோகப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்யும் ஓர் அமைப்பு, உரிமம் தரும் அரசு அமைப்பு அல்ல. அதன் 200 மணி நேரத் திட்டத்தில் பயிற்சி முறைகளுக்கு 75, உடற்கூறியலுக்கு 30, தத்துவம், வரலாறு போன்றவற்றுக்கு 30, கற்பிக்கும் தொழில்திறனுக்கு 50 மணி நேரம் குறைந்தபட்சம். கற்பிக்க விரும்பாத உங்களுக்கு அந்த 50 எப்படிப் போகிறது என்பது முக்கியம். சக மாணவரின் உடலைக் கவனித்துப் பேசும் பயிற்சியாக இருந்தால் அதுவும் உங்கள் கண்ணைத் திறக்கும். விளம்பரம் செய்வது, வகுப்பு நடத்திச் சம்பாதிப்பது என்று போனால் உங்களுக்கு வீண்.

மணிநேர அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். கையால் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்பார்களா, வலி இருக்கும் மாணவருக்கு மாற்று ஆசனம் தருவார்களா என்பதையும் கேளுங்கள். 'வலி வந்தால்தான் உடல் திறக்கும்' என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள்.

4 வாரத்தில் 200 மணி என்றால் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மூன்றாம் வாரத்தில் காதில் விழுவது மனதில் நிற்காது. அதே 200 மணியை 10 வார இறுதிகளில், தலா 20 மணியாகப் படித்தால் இடையில் பழகிப்பார்க்க நாள் கிடைக்கும். தங்கிப் படிப்பதன் பலன் வேறு: வீட்டு வேலையும் தொலைபேசியும் இல்லாத தொடர்ச்சி. உங்கள் நோக்கத்துக்கு இரண்டும் சரிதான், ஆனால் அந்த வலி முழுதாகத் தேறாவிட்டால் வார இறுதி வகுப்பே மேல்.

ஒரு சின்ன விஷயம், பலர் கோட்டைவிடுவது: மணிக்கணக்கில் சம்மணமிட்டுப் பாடம் கேட்பது. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி கம்பளியை மடித்துப் போட்டு உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுங்கள். எலும்பை ஒட்டிய உங்கள் வலிக்குக் கடினமான தரை ஆகவே ஆகாது.

ஈரெட்டு

பிராணாயாமத்தை 'அவ்வப்போது' என்று விட்டுவிடாதீர்கள். 10 வாரத்தில் அதிகப் பலன் தரப்போவது அதுதான். திருமந்திரம் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பது) 16, கும்பகத்துக்கு (அடக்குவது) 64, ரேசகத்துக்கு (விடுவது) 32 மாத்திரை என்று கணக்குச் சொல்கிறது. மாத்திரைக்கு ஒரு வினாடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 வினாடி. அது போய்ச் சேரும் இடம், தொடங்கும் இடம் அல்ல. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மூச்சை மெல்ல மெல்லப் பழக்கவேண்டும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையும் எச்சரிக்கிறது.

நாடி சுத்தியை (வலது கைவிரலால் மூக்குத் துளைகளை மாறி மாறி அடைத்து மூச்சு விடுவது) 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவதில் தொடங்குங்கள், நாளுக்கு 5 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து 4:8. ஆறாம் வாரத்தில் 10 நிமிடம். கும்பகத்தை நேரில் பார்க்கும் ஆசிரியர் முன்னால் தொடங்கலாம். இரத்த அழுத்தம் கூடியவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம். ஆசனம் முடித்து, சவாசனத்தில் 5 நிமிடம் கிடந்த பிறகு உட்கார்ந்தால் மூச்சு ஏற்கெனவே அடங்கியிருக்கும்.

எண்ணிக்கை சரியா என்று எப்படித் தெரியும்? அடுத்த மூச்சை உடல் அள்ளிக் குடித்தால் அளவு மிஞ்சிவிட்டது. கையையும் பாருங்கள்: வலது தோள் தூக்கிக்கொள்ளும், தலை வலப்பக்கம் சாயும். மூக்கெலும்புக்குக் கீழே மென்மையான இடத்தில் விரல் தொட்டால் போதும், அழுத்தவேண்டியதில்லை.

படிப்புக்கு: பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இரண்டாம் பகுதியான சாதன பாதத்தில் 46 முதல் 53 வரை எட்டுச் சூத்திரங்கள், ஆசனமும் பிராணாயாமமும். நாளுக்கு ஒன்றாக, சொல் பிரித்து, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். 47இல் முயற்சியைத் தளர்த்துவது வருகிறது. அதை அன்றைய பயிற்சியிலேயே சோதியுங்கள்: ஒவ்வோர் ஆசனத்திலும் ஐந்தாவது மூச்சில், தேவையில்லாமல் இறுகியிருக்கும் ஓர் இடத்தைத் தேடி விடுங்கள். பெரும்பாலும் தாடை, கால்விரல், புருவ நடு.

பாய்விரி

மூவருக்கும் நன்றி. சேதுபந்தாசனத்தை இன்றே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: 4:8 இல் வெளிமூச்சின் கடைசி இரண்டு எண்ணில் தொண்டை இறுகுகிறது. விகிதத்தைக் குறைப்பதா, எண்ணிக்கையைக் குறைப்பதா?

ஈரெட்டு

எண்ணிக்கையை. 3:6 க்கு இறங்குங்கள், விகிதம் அப்படியே இருக்கட்டும். முதல் மூன்று எண்ணிலேயே முக்கால்வாசிக் காற்று வெளியே போய்விடுவதால்தான் கடைசியில் இறுகுகிறது. தொடக்கத்தில் மெல்லிய நூலாக விட்டு, அடிவயிறு கடைசி எண் வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறதா என்று மறு கையை வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் 3:6 சிரமமில்லாமல் ஓடினால் மறுபடி 4:8 க்குப் போகலாம்.