ஈர்ப்பு வில்லை வழியாகப் பார்த்த கேலக்ஸியை எவ்வளவு நம்பலாம்?

அரைநிலா:
ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 ஜூலையில் வெளியிட்ட முதல் ஆழ்வெளிப் படத்தை, அதான் எஸ்மேக்ஸ் 0723 கேலக்ஸிக் கொத்து, முழு அளவில் இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கிட்டிருக்கேன். முன்னால் இருக்கும் கொத்தின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை வளைத்து வில் வில்லா இழுத்துவிடுது. அதுவரைக்கும் புரியுது.

உதைக்கிற இடம் வேற. ஒரே கேலக்ஸி மூணு இடத்தில் தெரியுதுன்னு சொல்றாங்க. ஒரே மாதிரி இருக்கும் மூணு கேலக்ஸிகள் இல்லைன்னு எப்படித் தெரியும்? அடுத்தது, ‘பத்து மடங்கு பெரிதாகியிருக்கு’ன்னு எழுதுறாங்க. அசல் அளவை யாரும் பார்த்ததே இல்லையே. கொத்தின் நிறையில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத கரும்பொருள். வில்களை வச்சு நிறையைக் கணக்கிடுறாங்க, அந்த நிறையை வச்சு வில்களின் உருப்பெருக்கத்தைக் கணக்கிடுறாங்க. இது சுத்திச் சுத்தி வர்ற வாதம் இல்லையா?

கொத்துக்கணக்கு:
கொத்துகளில் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டு மாதிரி (மாடல்) போடும் வேலையில் சில காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி சுலபம். கண்ணாடி வில்லை நீலத்தையும் சிவப்பையும் வேறுவேறு அளவு வளைக்கும். ஈர்ப்புக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, எல்லா அலைநீளத்தையும் ஒரே அளவுதான் வளைக்கும். அதனால் வடிவம் எவ்வளவு கோணலானாலும் நிறமாலை கெடாது. மூன்று பிம்பங்களிலும் அதே செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நீளும் அளவு; அதிகமானால் தொலைவும் அதிகம்), அதே உமிழ்வுக் கோடுகள் (வாயுக்கள் குறிப்பிட்ட நிறங்களில் விடும் ஒளி), கோடுகளுக்கிடையே அதே விகிதம் என்றால் அது ஒரே கேலக்ஸி. கூடவே, அடுத்தடுத்த பிம்பங்கள் பெரும்பாலும் இடவலம் மாறியிருக்கும். ஒன்றில் கேலக்ஸிக்குள் இருக்கும் ஒளிக் கட்டிகள் க, ங, ச என்று வரிசையாக இருந்தால் மற்றதில் ச, ங, க. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நீங்கள் வைத்திருக்கும் அதே படத்தில் ‘ஸ்பார்க்ளர்’ என்ற கேலக்ஸியைத் தேடிப் பாருங்கள். மூன்று இடத்தில் தெரியும். அவற்றில் அதிகம் பெரிதான பிம்பத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நன்றாக மினுங்கும். அந்தப் புள்ளிகளில் 12ஐ எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 5 கோளக் கொத்துகளாக (பழைய நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டங்கள்) இருக்கலாம் என்பது முடிவு. ஒளி கிளம்பி சுமார் 900 கோடி ஆண்டு ஆன ஒரு கேலக்ஸியில் கோளக் கொத்து! வில்லை இல்லாமல் இது நடக்காது.

இனி உங்கள் ‘சுற்றி வரும்’ வாதம். ஒரு கேலக்ஸி மூன்று இடத்தில் தெரிந்தால், இடத்துக்கு இரண்டு வீதம் ஆறு எண்கள் கையில் இருக்கும். அசல் இடம் தெரியாது, அதற்கு இரண்டைக் கழித்தால் நான்கு மிச்சம். நிறையைக் கட்டுப்படுத்துவது இந்த நான்கும்தான். ஏபெல் 2744 போன்ற கொத்துகளில் இப்படிப் பிம்பங்களே நூற்றுக்கும் மேல். மாதிரி தப்பு என்றால் எங்காவது இடித்துவிடும்.

எனக்கு நம்பிக்கை வந்தது ரெஃப்ஸ்டால் சூப்பர்நோவாவால். 2014 நவம்பரில் மேக்ஸ் ஜே1149 கொத்துக்குப் பின்னால் ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, நான்கு பிம்பங்களாகச் சிக்கியது. ஒளி வரும் பாதைகளின் நீளம் வேறு, ஈர்ப்பால் ஏற்படும் தாமதமும் வேறு. ஆகவே அதே வெடிப்பு கொத்தின் இன்னொரு மூலையில் சுமார் ஒரு வருடம் கழித்துத் தெரியும் என்று பல குழுக்கள் முன்கூட்டியே எழுதி வெளியிட்டன. 2015 டிசம்பரில் ஹப்பிள் அங்கே திரும்பியபோது அது வந்திருந்தது. விடை தெரிந்தபின் மாதிரியைத் திருத்திக்கொள்ள யாருக்கும் வழியில்லை. இப்படிப்பட்ட சூப்பர்நோவாவின் கால இடைவெளியை வைத்துப் பிரபஞ்ச விரிவை அளக்கலாம் என்று ஷூர் ரெஃப்ஸ்டால் 1964லேயே எழுதிவிட்டார். பெயர் வந்தது அதனால்தான்.

அரைநிலா:
நாலு எண் கணக்கு பிடிச்சிருக்கு. அப்போ எரண்டெல்? தனி நட்சத்திரம், ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கம்னு 2022ல் வந்ததே. அதையும் இதே தைரியத்தோட நம்பலாமா?

கொத்துக்கணக்கு:
மாட்டேன். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியாக ஒரு விளக்கைப் பார்த்தால் சில இடங்களில் ஒளி சட்டென்று கண்கொள்ளாமல் பிரகாசமாகும் இல்லையா, அந்த மாதிரிக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது அது. அங்கே இம்மி நகர்ந்தாலும் பெருக்கம் தாறுமாறாக மாறும். முதல் ஆய்வுக் கட்டுரையே 1,000 முதல் 40,000 மடங்கு வரை என்றுதான் வீச்சு கொடுத்தது. 40 மடங்கு வித்தியாசம்! அதை வைத்துக் கணக்கிடும் அசல் பிரகாசமும் அதே அளவு ஊசலாடும். அது தனி நட்சத்திரமே இல்லை, நட்சத்திரக் கொத்து என்ற வாதமும் பிறகு வந்துவிட்டது. தொலைவை நம்புவேன், பெருக்கத்தை நம்பிச் சொன்ன எடையையும் பிரகாசத்தையும் அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிம்பங்களின் இடம் மாறாமல் பெருக்கத்தை மட்டும் மாற்றிவிடும் நிறைப் பரவல்கள் இருக்கின்றன. பின்னணிக் கேலக்ஸிகள் பல வெவ்வேறு தொலைவுகளில் அமைந்தால்தான் அதை உடைக்க முடியும்.

வெற்றுவானம்:
எல்லாரும் வில்லையைக் கொண்டாடுறீங்க. அதுக்குக் கொடுக்கும் விலையை யாரும் சொல்லலை. ஒரு பகுதியைப் பத்து மடங்கு விரிச்சா, அதே படச்சட்டத்துக்குள் நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு வானம்தான் அடங்கும். ஆழம் கூடும், அகலம் போயிடும். அரிதான பிரகாசக் கேலக்ஸிகளைத் தேடணும்னா கொத்தே இல்லாத வெறும் வானம்தான் மேல். 14க்கு மேல் செம்பெயர்ச்சியோட 2024ல் அறிவிச்ச ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸி இப்படிக் கிடைத்ததுதானே. கொத்துப் பக்கமே போகலை.

கொத்துக்கணக்கு:
சரியான கணக்கு. ஆனால் மங்கலான பொருள்களுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸி ஏபெல் 2744க்குப் பின்னால் இருக்கிறது, பெருக்கம் வெறும் நான்கு மடங்குதான். அந்த நான்கு மடங்கும், சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இரண்டு வாரத்துக்கு மேல் சேகரித்த ஒளியும் சேர்ந்தபோதுதான் அதன் நடுவிலுள்ள கருந்துளை தெரிந்தது. வாயு மேகம் நேரடியாகச் சரிந்தே ஆரம்பத்திலேயே பெரிய கருந்துளைகள் உருவாகலாம் என்று சொல்லிவந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜன் குழுவின் கணிப்போடு அது ஒத்துப்போனது. வெறும் வானத்தில் இதை எடுக்க எத்தனை நாள் கேட்பீர்கள்?

வெற்றுவானம்:
கேட்டாலும் தரமாட்டாங்க. அதை ஒத்துக்கறேன். ஆனா எக்ஸ்-கதிருக்கு மட்டும்தான்.